கோட்டுக்கு வெளியே சென்ற பந்து

விழா மலரில் கல்லூரியின் பெருமை பேசுவார் பலர் உளர். அதிபர்மாரின் அருந்தொண்டும், பரீட்சைப் பெறுபேறுகளும், வென்ற கேடயங்களின் வரலாறும் ஏனைய பக்கங்களில் விரிவாக இடம்பெறும் என்னும் நம்பிக்கையினால் நாம் மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். உதைபந்தாட்டத்திலே பந்து கோட்டுக்கு வெளியே போய் மீண்டும் உள்ளே வருகின்றதே, அந்தச் சில கணங்களைப் பற்றியே ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம். இது விழா மலருக்குரிய விடயமா என வினவுவாரும் இருத்தல் கூடும். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பெரும்பாலார் கல்லூரிக்கு மீண்டும் வருவது வகுப்பறைக்கன்று, மைதானத்துக்கே. அங்கும் அவர்கள் நிற்கும் இடம் அந்தக் கோட்டின் ஓரமே.

கோல்காப்பாளன் அல்லாத வீரன் ஒருவன் பந்தைக் கையால் எடுத்து ஆட்டத்தில் வழங்குவதற்கு விதி இடந்தருவது இக்கோட்டின் ஓரத்தில் மட்டுமே. பந்து முழுவதும், நிலத்திலாயினும் ஆகாயத்திலாயினும், பக்கக் கோட்டைக் கடந்துவிட்டால், அதனைக் கடைசியாகத் தொட்டவனுடைய எதிர்க்குழுவினர் அதனை உள்ளே எறிதல் வேண்டும். ஆட்டத்தின் 17 விதிகளுள் 15ஆவது விதி இதற்கெனவே வகுக்கப்பட்டுள்ளது. எழுத்தில் இதனை உள்ளெறிதல் என்பர். மைதானத்தில் 'துரோ' என்றே வழங்கும். தேர்ந்த குழுக்கள் மோதும் ஆட்டமொன்றில் இஃது ஏறக்குறைய 40 முறை நிகழும். கோலுதையும் கோர்னரும் பெனால்ரியும் எண்ணிக்கையில் இதற்கு அண்மையிலும் வாரா. அவ்வாறிருந்தும் நாம் நம் சிறுவருக்குக் கற்பிக்காது விடுவது இதனையே.

பயிற்சி வேளையை எண்ணிப் பார்ப்போம். ஓட்டம் உண்டு, உதை உண்டு, தலையால் அடித்தல் உண்டு, பொழுது மங்கும் நேரத்தில் ஆளுக்கொரு பெனால்ரி அடித்து மகிழ்வதும் உண்டு. உள்ளெறிதலுக்கெனப் பத்து நிமிடம் ஒதுக்கிய பயிற்சியை நாம் அதிகம் கண்டதில்லை. எறியத் தெரியாதவன் யார் என்பதே பொதுவான எண்ணம். ஆயின் சிறிய வயதுப் பிரிவினரின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருப்போர்க்கு, எறியத் தெரியாதவர் எத்துணைப் பேர் என்பது முதற் கால்மணி நேரத்திலேயே புலப்படும். விசில் ஒலிக்கின்றது, பந்து எதிர்க்குழுவின் கைக்குப் போகின்றது, சிறுவன் தான் செய்த பிழை இன்னதென்று அறியாது விழிக்கின்றான், கோட்டோரத்தில் நிற்போர் ஆளுக்கொரு காரணம் கூறி நகைக்கின்றனர். அடுத்த முறை பந்து வெளியே சென்றால் அவன் அதன் அருகிற் போவதில்லை. வேறொருவன் வந்து எறியட்டும் என்று ஒதுங்கி நிற்கின்றான். பன்னிரண்டு வயதில் இவ்வாறு ஒதுங்கியவன் பதினாறு வயதிலும் பந்தைக் கையிலெடுக்க அஞ்சுவதை நாம் கண்டிருக்கின்றோம்.

விதி கேட்பதோ மிகச் சில. எறியும் கணத்தில் வீரன் மைதானத்தை நோக்கி நிற்றல் வேண்டும். இரு பாதங்களிலும் ஒவ்வொன்றின் ஒரு பகுதியாவது கோட்டின்மீதோ கோட்டுக்கு வெளியேயுள்ள நிலத்தின்மீதோ பொருந்தியிருத்தல் வேண்டும். பந்து வெளியே சென்ற இடத்திலிருந்து, இரு கைகளாலும், தலைக்குப் பின்னிருந்து தலைக்கு மேலாக எறிதல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் எறியும் உரிமை எதிர்க்குழுவிற்கு மாறும்.

இவ்வளவு எளியதாயின் சிறுவர் ஏன் பிழைக்கின்றனர்? அவர்தம் கையும் பந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே முதற் காரணம். முழுவளவுப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செந்திமீற்றர். நிறை 410 முதல் 450 கிராம். இதனைத் தலைக்குப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசுதல் மெலிந்த தோளுக்கு இலகுவன்று. ஆதலின் அவன் ஒரு கையாற் பந்தைத் தாங்கி மறு கையால் தள்ளுகின்றான். அல்லது பின்னே கொண்டுபோகாமல் நெற்றிக்கு முன்னிருந்தே விட்டுவிடுகின்றான். அல்லது விசை போதாமையாற் பின்காலைத் தூக்கித் துள்ளுகின்றான். இம்மூன்றும் சோம்பலாலோ குறும்பாலோ வருவனவல்ல. பந்தின் பின்புறத்தில் இரு பெருவிரல்களும் ஒன்றையொன்று நெருங்கியிருக்கப் பிடிக்கவும், பந்து பிடரியைத் தொடுமளவும் முழங்கைகளை மடக்கவும், இடுப்பிலிருந்து வளைந்து நிமிரவும், பின்காலின் விரல்நுனி நிலத்தை உரசியபடியே வரவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாற் போதும். கோடொன்றைக் கீறி, அதன் இருபுறமும் இருவர் இருவராக நிறுத்தி, ஆளுக்கு இருபது எறிதல் எறிவித்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இளையோர்க்குச் சிறிய பந்தைக் கொடுத்துத் தொடங்கினால் இன்னும் நன்று.

ஆயின் கோட்டோரத்தில் வழங்கும் விதிகள் வேறு. பந்து சுழன்றாற் பிழை என்பார் உளர். விதியில் சுழற்சியைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. ஒரு கை மிகுதியாகத் தள்ளியமைக்கு அஃது அறிகுறியாகலாம். ஆயின் இரு கைகளாலும் எறிந்தான் என மத்தியஸ்தர் கண்டபின், பந்து பம்பரம்போலச் சுழன்றாலும் அது நல்ல எறிதலே. குதிகால் எழுந்தாற் பிழை என்பர். விரல்கள் நிலத்திற் பதிந்திருக்கக் குதிகால் எழுவதிற் பிழையில்லை. கோட்டை மிதித்தாற் பிழை என்பர். மிதிக்கலாம், பாதம் முழுவதும் கோட்டைத் தாண்டி உள்ளே சென்றாலே பிழை. ஓடிவந்து எறிதல் ஆகாது என்பாரும் உளர். ஓடி வரலாம், எறியும் கணத்தில் மேற்சொன்னவை அமையுமாயின் கரணமடித்து எழுந்தும் எறியலாம். 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கணங்களில், ஈரான் வீரர் மிலாத் முகமதி பந்தோடு கரணமடித்து எழுந்தார். எழுந்தவர் அம்முயற்சியைக் கைவிட்டுச் சாதாரணமாகவே எறிந்தமையால் உலகமே நகைத்தது. கரணத்தை நம் சிறுவருக்கு நாம் பரிந்துரைக்கவில்லை. நம் மைதானங்களின் ஓரத்தில் நெருஞ்சி முள்ளும் சிறுகல்லும் உள்ளமையை மறத்தலாகாது.

இவ்விதி தொடக்கத்தில் இருந்தவாறே இன்றும் இருக்குமாயின் கோட்டோரத்து ஆரவாரம் எவ்வளவாக இருக்கும் என எண்ணிப் பார்ப்பதும் சுவையானதே. 1863இல் இங்கிலாந்தில் முதன்முதல் விதிகள் வகுக்கப்பட்டபோது, வெளியே சென்ற பந்தை எவன் முதலில் தொடுகின்றானோ அவனே எறியும் உரிமை பெற்றான். யார் வெளியே அனுப்பினார் என்ற வழக்கே எழவில்லை; அதற்குப் பதிலாக இரு குழுவினரும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினர். எறிவதும் கோட்டுக்குச் செங்குத்தாகவே எறிதல் வேண்டும். எத்திசையிலும் எறியலாம் என்பது 1877இலும், இரு கைகளாலும் எறிதல் வேண்டும் என்பது 1882இலும் வந்தன. ஒரு கையால் வீசும் வல்லவர் பந்தை நெடுந்தூரம் செலுத்தியதனாலேயே இந்த இரண்டாவது திருத்தம் வேண்டப்பட்டது. எனினும் இரு கை எறிதலும் கோலுக்கு வழி செய்யாமலில்லை. 1970இல் இங்கிலாந்தின் எஃப். ஏ. கிண்ண இறுதியாட்டம் மறுமுறை ஆடப்பட்டபோது, செல்சீ அணியின் இயன் ஹட்சின்சன் கோட்டோரத்திலிருந்து எறிந்த நீண்ட எறிதலே டேவிட் வெப்பின் தலைபட்டு வெற்றிக் கோலாயிற்று.

உள்ளெறிதலின் விளைவுகளை அறியாமையால் இழக்கப்படும் நன்மைகள் பல. உள்ளெறிதலிலிருந்து நேரே பந்தைப் பெறுபவனுக்கு ஓவ்சைட் என்பது கிடையாது. 1920 முதல் இவ்விலக்கு நடைமுறையில் இருக்கின்றது. அவ்வாறிருக்க, தன் குழுவினன் எறியப் போகும் வேளையிலும் எதிர்க்காப்பு வீரனுக்கு முன்னே வந்து நிற்பதற்காக அவசர அவசரமாகப் பின்னோக்கி ஓடும் முன்னணி வீரரை நாம் பலமுறை காண்கின்றோம். பின்னே நிற்கலாம் தம்பி, என்று ஒருவர் அவனுக்குச் சொல்லியிருந்தால் எத்தனை கோல்கள் கிடைத்திருக்கும்! இன்னொன்று: எறிந்த பந்து எவர்மீதும் படாமல் எதிர்க்குழுவின் கோலுக்குட் புகுந்தால் அது கோலன்று, கோலுதை. தன் கோலுக்குள்ளேயே புகுந்தாலும் கோலன்று, எதிர்க்குழுவிற்குக் கோர்னர். இதனை அறிந்த காப்பாளன், தன்னை நோக்கித் தவறாக வரும் உள்ளெறிதலைத் தொடாமல் விட்டுவிடுவான். அறியாதவன் பதறிக் கையால் தடுப்பான். தன் குழுவினன் எறிந்ததை நேரே கையாற் பிடித்தல் 1997 முதல் காப்பாளனுக்கு மறுக்கப்பட்டுள்ளமையால், மத்தியஸ்தர் கையை உயர்த்திக் காட்டும் தனியுதை எதிர்க்குழுவிற்குச் செல்லும். எறிந்தவனே, பந்து வேறொருவரைத் தொடுமுன், மீண்டும் அதனைத் தொட்டாலும் அத்தகைய தனியுதையே. எறிந்த பந்து உள்ளே வராமல் வெளியிலேயே நிலத்தில் விழுமாயின், அதே குழுவினர் அதே இடத்திலிருந்து மறுபடியும் எறியலாம். இக்கடைசி விதியை அறியாமல், பந்தை எதிர்க்குழுவிடம் பறித்துக் கொடுக்குமாறு கோட்டோரத்திலிருந்து முழங்குவோர் எண்ணிலர். எறிபவனுக்கு முன்னே நின்று கையை வீசித் துள்ளுமாறு ஏவும் பயிற்சியாளரும் உளர். எறியும் இடத்திலிருந்து 2 மீற்றர் தள்ளியே எதிராளி நிற்றல் வேண்டும்; நெருங்கி இடையூறு செய்வானாயின் அவனுக்கு மஞ்சள் அட்டை உரியது.

விதி தெரியாமையிலும் தொல்லையானது, முன்பு தெரிந்த விதியை இன்றும் உள்ள விதியென நம்பி வாதிடுதல். நம் தலைமுறையினர் கற்ற மீள்தொடக்க விதிகளுட் பல இப்போது மாறிவிட்டன. நடுவட்டத்தில் இருவர் நின்று, ஒருவர் பந்தைச் சிறிது முன்னே தட்ட மற்றவர் எடுத்துச் செல்வதைக் கண்டு பழகியவர்கள் நாம். 2016 முதல் தொடக்க உதையை எத்திசையிலும் உதைக்கலாம் என்பதனால் ஒருவரே நின்று பின்னோக்கி உதைத்தாலும் முறையே. கோலுதை பெனால்ரி எல்லையைத் தாண்டிய பின்னரே ஆட்டத்திற் சேரும் என்பது பழைய விதி. 2019 முதல் பந்து உதைக்கப்பட்டுத் தெளிவாக அசைந்தாலே போதும், தன் குழுவினன் எல்லைக்குள்ளேயே அதனைப் பெறலாம். எதிர்க்குழுவினர் மட்டும் பந்து ஆட்டத்திற் சேருமளவும் எல்லைக்கு வெளியே நிற்றல் வேண்டும். மத்தியஸ்தர் பந்தை நிலத்தில் விட, இரு பக்கத்து வீரரும் ஒருவர் முழந்தாளை ஒருவர் உதைத்துக்கொண்ட அந்த வீரக் காட்சியும் 2019உடன் முடிந்தது. இப்போது ஒரு குழுவின் ஒரு வீரனுக்கே பந்து விடப்படும்; ஏனையோர் அனைவரும் 4 மீற்றர் தள்ளி நிற்றல் வேண்டும். 2025இல் வந்த மாற்றம் இன்னும் பலருக்கு எட்டவில்லை. காப்பாளன் பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிர்க்குழுவிற்குக் கோர்னர் கிடைக்கும். கடைசி ஐந்து வினாடிகளை மத்தியஸ்தர் கைவிரல்களால் எண்ணிக் காட்டுவார். முன்னர் இருந்த 6 வினாடி விதியை மத்தியஸ்தர் நடைமுறைப்படுத்தியது மிக அரிது என்பதை யாவரும் அறிவர். தனியுதைக்கும் கோர்னருக்கும் எதிராளிகள் நிற்க வேண்டிய தூரம் மட்டும் நாம் அறிந்த பழைய 10 யார்தான், 9.15 மீற்றர் என அளவு மொழியே மாறியது.

இவற்றையெல்லாம் அறியாத பெரியவர் ஒருவர், விசிலோடு மைதானத்தில் நிற்கும் இளம் ஆசிரியரை நோக்கி உரத்த குரலிற் குறை கூறும்போது, அதனைக் கேட்டுக்கொண்டிருப்போர் யாவர்? இரு குழுவிலும் உள்ள 22 சிறுவரும், ஓரத்தில் அமர்ந்திருக்கும் இளைய வகுப்பினரும். மத்தியஸ்தரின் தீர்ப்பு சரியாகவும் பெரியவரின் கூச்சல் பிழையாகவும் இருக்கும் வேளையிற்கூட, சிறுவனின் மனம் யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மத்தியஸ்தம் செய்ய முன்வரும் இளைஞர் குறைந்து வருகின்றனர் என்று வருந்துவோர், அக்குறைவுக்கு இக்கூச்சலும் காரணமாதலை எண்ணிப் பார்த்தல் நன்று.

இன்னொரு காட்சியும் உண்டு. பந்து கோட்டைத் தாண்டியவுடன் இரு குழுவினரும் ஒருசேரக் கையை உயர்த்தி, 'எங்கள் பந்து' என்கின்றனர். இருவருள் ஒருவனுக்கு உண்மை தெரியும். பந்து தன் காலிற் பட்டுத்தான் வெளியே போயிற்று என்பது அவன் காலுக்குத் தெரியாதா? ஓர் ஆட்டத்தில் 40 முறை பந்து வெளியே செல்லுமாயின், 40 முறை அச்சிறு பொய்க்கு அழைப்பு வருகின்றது. விதி அவனை உண்மை சொல்லுமாறு கட்டாயப்படுத்தவில்லை, மத்தியஸ்தரும் கேட்பதில்லை. கையை உயர்த்தாமல், பந்தை எடுத்து எதிராளியிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும் சிறுவரும் இருக்கின்றனர். அவ்வேளையில் கோட்டோரத்திலிருந்து எழும் ஒலி பெரும்பாலும் பாராட்டன்று, வசையே. 'விசரா, ஏன் கொடுத்தாய்?' என்று கேட்பவர் வேற்றுக் கல்லூரியினர் அல்லர், நம்மவரே. நாற்பது நிமிடங்களுக்கு முன்னர்தான் அவர் கல்லூரிக் கீதத்திற்கு எழுந்து நின்றிருப்பார்.

உள்ளெறிதலையே நீக்கிவிட்டுக் காலால் உதைத்து உள்ளே சேர்க்கலாமே என்னும் கருத்தும் உலகில் உண்டு. 1993இல் யப்பானில் நடைபெற்ற 17 வயதிற்குட்பட்டோர் உலகப் போட்டியில் அம்முறை பரீட்சார்த்தமாகக் கையாளப்பட்டது. ஆயின் ஆட்டத்தின் விதியாகவில்லை. உள்ளரங்கில் ஐவர் ஐவராக ஆடும் பூட்சால் ஆட்டத்தில் அதுவே முறை. பெரிய மைதானத்துக்கு அது வேண்டாம் என்பதே எமது துணிபு. பந்து வெளியே செல்லுந்தோறும் அதனை நிறுத்திவைத்துக் கோல்முகத்துக்கு உயர உதைப்பார்களாயின், காலில் வலிமை மிக்க நெடியவர்களுக்கே ஆட்டம் உரியதாகிவிடும். குறியவனும் மெலிந்தவனும், பந்தைக் கையிற் பிடித்து, நண்பன் எங்கே ஓடுகின்றான் என நோக்கி, அவன் காலடியில் இடத்தக்க அறிவு வாய்ந்தவனாயின் குழுவிற்கு உதவலாம் என்னும் வாய்ப்பை உள்ளெறிதல் தருகின்றது. இதனைக் கற்பிப்பதற்கென்றே லிவர்பூல் கழகம் 2018இல் தென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் குரொன்னமார்க் என்பவரை அமர்த்தியது. 51.33 மீற்றர் தூரம் எறிந்து ஒருகாற் சாதனை படைத்த அவர், தூரத்தை மட்டும் கற்பிக்கவில்லை. விரைந்தும், எறிதலைப் பெறுபவர் இடம்விட்டு இடம் பெயர்ந்தும் பந்தைத் தம் குழுவிடமே நிலைநிறுத்துவதையே வலியுறுத்தினார். பெருஞ்செல்வக் கழகமொன்று தன் உலகப் புகழ் வீரருக்கு எறியக் கற்பிக்க ஆசிரியரைத் தேடியிருக்க, நம் பன்னிரண்டு வயதினர் கற்காமலே அறிவர் என நாம் நம்பிக்கொண்டிருக்கின்றோம்.

இல்லங்களுக்கிடையிலான இளையோர் ஆட்டங்களில், பிழையாக எறிந்த சிறுவனிடமிருந்து பந்தைப் பறிக்காமல், பிழை இன்னதென்று ஒரு வாக்கியத்திற் சொல்லி, ஒரு முறை மறுபடி எறிய விடுதல் வேண்டும் என்பது எமது கருத்து. விதிநூல் இதற்கு இடந்தரவில்லை என்பதை அறிவோம். ஆயின் இல்லப் போட்டி வகுப்பறையின் நீட்சியே. அங்கே விசில் வைத்திருப்பவர் முதலில் ஆசிரியர், பின்னரே மத்தியஸ்தர். பிற கல்லூரிகளோடு ஆடும்போது இச்சலுகை அறவே கூடாது. 16 வயதிற்குட்பட்டோர் பிரிவுக்கு வந்தபின்னும் எறியத் தெரியாதிருத்தல் அச்சிறுவனின் குற்றமன்று, நமது குற்றம். எனினும் இழப்பு அவனதே.

இனிக் கோட்டோரத்துக்கே வருவோம். பெரிய ஆட்ட நாட்களில் பார்வையாளர் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கின்றனர். எறிய வருபவனுக்குப் பின்வாங்கி ஓரடி வைக்கவும் இடமில்லை. குடைகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, எவருடைய தோளிலோ முழங்கை இடிபட, அவன் எறிகின்றான். எறிதல் பிழைத்தால் அவனை முதலில் ஏசுபவரும் அவனுக்கு இடம்விடாதவரே. கொடி பிடிக்கும் உதவி மத்தியஸ்தர் கோட்டைக் காண்பதற்கே கழுத்தை நீட்ட வேண்டியிருக்கின்றது. இதற்குப் பரிகாரம் எளிது. கோட்டிலிருந்து 3 மீற்றர் தள்ளி ஒரு கயிறு கட்டினாற் போதும். மைதானத்தின் நீளம் 100 மீற்றர் எனக் கொண்டால், இரு பக்கத்துக்கும் 200 மீற்றர் கயிறும், 5 மீற்றருக்கு ஒன்றாக 42 கதியால்களும் வேண்டும். கதியால்களைக் கல்லூரிக்கு அயலிலுள்ள பழைய மாணவர் தம் வேலிகளிலிருந்து தந்துதவலாம். கயிற்றின் செலவை நாம் ஏற்கின்றோம். சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.